துப்பாக்கிக்கு முன் ஆப்பு: கடற்படைப் பயிற்சி கேள்வி-பதில்

கே: எனக்கு நீச்சல் தெரியாது. கடற்படை மாலுமிகளுக்கான பயிற்சி மையமான ஐ.என்.எஸ். சில்காவில் சேரலாமா?

ப: சேரலாம், அங்கேயே கற்றுத் தருவார்கள். ஆனாலும் அழைப்பு வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். வேகத்தை விட்டுவிட்டு, பத்து நிமிடம் பதறாமல் மிதக்கப் பழகுங்கள். கடலில் விழுந்தவர் கரை வரைக்கும் நீந்தப் போவதில்லை. படகு வரும்வரை மிதந்தால் போதும். தனியாகத் தண்ணீரில் இறங்காதீர்கள்.

கே: போலைன் முடிச்சு (கயிற்று நுனியில் இறுகாத வளையம் போடும் முடிச்சு) நைலான் கயிற்றில் அவிழ்ந்து வருகிறது. ஏன்?

ப: வாலை, அதாவது முடிச்சுக்கு வெளியே மிஞ்சும் நுனியை, குட்டையாக விட்டிருப்பீர்கள். கயிற்றின் தடிமனைப் போல் பன்னிரண்டு மடங்காவது வால் வேண்டும். முடிச்சைக் கையால் இறுக்கிய பிறகே பாரம் ஏற்றுங்கள். இழுபட்ட நைலான் வடம் அறுந்தால் ரப்பர் போலத் திரும்பி வந்து எலும்பை முறிக்கும். அதன் நேர்கோட்டில் நிற்காதீர்கள், வளையத்துக்குள் கால் வைக்காதீர்கள்.

கே: நான் ரேடார் பிரிவுக்குப் போகப் போகிறவன். ஓட்டை அடைக்கவும் தீயணைக்கவும் தனி அணி இருக்கும்போது எனக்கு எதற்கு இந்தப் பயிற்சி?

ப: மாதந்தோறும் யாராவது இதையே கேட்கிறார்கள். அந்தத் தனி அணி முதல் நிமிடத்திலேயே செத்துப்போனால் என்ன செய்வீர்கள்? 1967 ஜூலை 29 அன்று அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் ஃபாரஸ்டலில் அதுதான் நடந்தது. தீப்பிடித்து ஒன்றரை நிமிடத்தில் முதல் குண்டு வெடித்தது. பயிற்சி பெற்ற தீயணைப்பாளர்கள் ஏறக்குறைய அனைவரும் அதில் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்களுக்குத் துணிச்சல் குறையவில்லை, பழக்கம்தான் இல்லை. தீயை மூடி அணைக்க ஒருவர் பரப்பிய நுரையை இன்னொருவர் தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டார். மொத்தம் 134 பேர் இறந்தார்கள்.

வெள்ளமும் அப்படித்தான். நீர்மட்டத்துக்கு 3 மீட்டர் கீழே 15 செ.மீ. ஓட்டை விழுந்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 டன் தண்ணீர் உள்ளே வரும். அணி வருவதற்குள் முழங்கால் நனைந்துவிடும். முதலில் எந்த அறை, எவ்வளவு தண்ணீர் என்று தகவல் கொடுங்கள். நீர்ப்புகாக் கதவை மூடுங்கள். மென்மர ஆப்பில் துணி சுற்றி அடியுங்கள்; நனைந்தால் மரம் உப்பிப் பிடித்துக்கொள்ளும். ஓங்கி அடித்தால் கிழிந்த தகடு இன்னும் கிழியும். பாதி அடைத்தாலும் பம்புக்குப் பாதி வேலை மிச்சம்.

தண்ணீர் அழுத்தும் தடுப்புச்சுவருக்கு முட்டுக்கொடுக்கும் முட்டுக்கட்டையை அளந்ததைவிட ஒரு செ.மீ. குறைத்து அறுங்கள், ஆப்பு நுழைய அந்த இடம் வேண்டும். உப்பிய தடுப்புச்சுவரைத் திரும்ப உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள், பிளந்துவிடும். அது இருக்கும் நிலையிலேயே தாங்கிப் பிடித்தால் போதும். கப்பல் அசைய அசைய ஆப்பு தளரும், அதனால் அடிக்கடி தட்டிப் பாருங்கள். இத்தனையும் ரேடார்காரருக்கும் சமையல்காரருக்கும் சேர்த்துத்தான்.

கே: கப்பலில் தீ என்றால் தண்ணீரை எவ்வளவு வேண்டுமானாலும் அடிக்கலாமா?

ப: கூடாது. அடித்த தண்ணீர் வெளியேறாமல் மேல்தளங்களில் தேங்கினால் கப்பல் சாயும். 1942இல் நியூயார்க் துறைமுகத்தில் நார்மண்டி கப்பல் அப்படித்தான் கவிழ்ந்தது. ஹோஸைத் திறக்கும்போதே வடிகாலையும் பாருங்கள். கதவு? மூடியிருக்க வேண்டும், மறுபடியும் சொல்கிறேன்.

கே: கடலோரக் காவல்படை, மரைன் போலீஸ், கடற்படை எல்லாம் ஒன்றுதானே?

ப: இல்லை. விண்ணப்பம் போடுகிறவர் இதைக்கூடப் படிக்காமல் கேட்கலாமா? மரைன் போலீஸ் மாநிலக் காவல்துறையின் பிரிவு, கரையை ஒட்டிய 12 கடல் மைலுக்குள் வேலை. மற்ற இரண்டும் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வரும் தனித்தனிப் படைகள், ஆள்சேர்ப்பும் தனித்தனி.

கே: மீன்பிடிக்கப் போகையில் சந்தேகமான படகைக் கண்டால் கிட்டே போய்ப் பார்க்கலாமா?

ப: போகவே போகாதீர்கள். 2008இல் மும்பைத் தாக்குதலுக்கு வந்தவர்கள் கைப்பற்றியது குபேர் என்ற மீன்பிடிப் படகைத்தான். தள்ளி நின்று நேரம், ஜி.பி.எஸ். நிலை, படகின் நிறம், எண், போகும் திசை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு படகு ரேடியோவில் அவசர அழைப்புக்கான வி.எச்.எஃப். சேனல் 16இல் சொல்லுங்கள். செல்போன் சிக்னல் கிடைத்தால் கடலோரக் காவல்படைக்கு 1554, மரைன் போலீஸுக்கு 1093. "ஏதோ ஒரு படகு, அந்தப் பக்கம் போச்சு" என்று சொன்னால் யாராலும் தேட முடியாது.

கே: லைஃப் ஜாக்கெட்டை எப்போது போட வேண்டும்?

ப: படகில் ஏறும் முன்பே. தண்ணீரில் விழுந்த பிறகு வாரை மாட்டுவது பழகியவருக்கே சிரமம். காலிடுக்கு வாரையும் கட்டுங்கள், இல்லையென்றால் ஜாக்கெட் முகத்துக்கு மேல் ஏறிவிடும்.