2147483647: சூரியனா, கேதுவா?

கேள்வி: வாட்ஸ்அப்பில் வந்தது இது. "2147483647-இன் இலக்கங்களைக் கூட்டினால் 1. அது சூரியனின் எண். அதனால்தான் கம்ப்யூட்டருக்கு அதை எல்லையாக வைத்தார்கள். 2038-இல் அந்த எண் வரும்போது எல்லாக் கம்ப்யூட்டரும் நின்றுவிடும்." உண்மையா?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: கூட்டல் சரி. 46, அப்புறம் 10, அப்புறம் 1. ஆனால் அடுத்தடுத்த ஒன்பது எண்களை எடுத்தால் ஒன்றுக்கு இப்படி 1 வந்தே தீரும். உங்கள் வீட்டு மின் இணைப்பு எண்ணுக்கும் வரலாம்.

கம்ப்யூட்டருக்கு 0, 1 என்று இரண்டே இலக்கம்தான். ஓர் எண்ணை எழுத 32 இடம் கொடுத்தார்கள். முதல் இடம் கூட்டலா கழித்தலா என்ற குறிக்கு. மிச்சமுள்ள 31 இடத்திலும் 1 போட்டால் வருவதுதான் இந்த 214 கோடிச் சொச்சம். யாரும் நல்ல நேரம் பார்த்து எல்லை வைக்கவில்லை; இடம் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். 16 இடம் கொடுத்தால் எல்லை 32767. 64 இடம் என்றால் 9223372036854775807. இரண்டின் இலக்கங்களையும் தனித்தனியே கூட்டிப் பாருங்கள், 7 வரும். கேதுவின் எண்! சூரியனை முன்னும் பின்னும் கேது பிடித்துக்கொண்டதாக அடுத்த செய்தி வரட்டும், காத்திருப்போம்.

2147483647-க்கு உண்மையான பெருமை ஒன்று உண்டு. அது பகா எண். 32767-ஐ 7 வகுக்கும். அந்த 19 இலக்க எண்ணையும் 7 வகுக்கும். நடுவில் உள்ள இதை மட்டும் எதுவும் வகுக்காது. 1772-இல் கணித மேதை ஆய்லர் இதைச் சொன்னபோது அவருக்குக் கண்பார்வை ஏறக்குறையப் போய்விட்டிருந்தது. நேர்வழியில் சோதிப்பதென்றால் 46340 வரையுள்ள பகா எண்கள் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவற்றால் வகுத்துப் பார்க்க வேண்டும். அவர் முதலில் வகுக்க வாய்ப்பே இல்லாத எண்களை ஒதுக்கினார். இதை வகுக்கும் பகா எண் இருந்தால், அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 தான் வர முடியும் என்று காட்டினார். அந்தச் சல்லடையில் நிற்கும் முதல் பகா எண் 311. அதால் நம் 2147483647-ஐ வகுத்தால் மீதி 35. அடுத்தது 1303; மீதி 226. இப்படியே 46340 வரை போனாலும் ஒன்றும் தேறவில்லை. காகிதமும் பேனாவும் இருந்தால் முதல் இரண்டையும் நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஃபார்வர்டு செய்வதைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும்.

2038 விஷயத்தில் பாதி உண்மை. 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணிவரும் 32 இடக் கணக்கு, 2038 ஜனவரி 19 காலை நம் நேரப்படி 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு இந்த எண்ணைத் தொடும். அடுத்த நொடி குறி கழித்தலாகப் புரண்டு, கணக்கு 1970-க்கு முன்னே தாவி, தேதி 1901 டிசம்பருக்குப் போய்விடும். 64 இடத்துக்கு மாறிய கருவிகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. மாறாத பழைய கருவிகளைத்தான் தேடிப்பிடித்துச் சரிசெய்ய வேண்டும்.

கிரீன்விச் நேரப்படி அந்த 1901 தேதி, வெள்ளைக்காரர்கள் பயப்படும் 13-ஆம் தேதி வெள்ளிக்கிழமை. தயவுசெய்து இதை அந்த வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள்.