பணிமனை பதில்கள்: மூன்றாம் தண்டவாளம் முடியும் இடம்

கேள்வி: லிவர்பூலில் படிக்கும் என் மகள், அங்கே ஒரு ரயில் கடைசி நிலையத்துக்கு மட்டும் பேட்டரியில் ஓடுகிறது என்கிறாள். மின்சார ரயிலுக்கு எதற்குப் பேட்டரி? நம் சிங்கப்பூர் எம்ஆர்டி ரயில் பாதைகளையும் இப்படிச் சிக்கனமாக நீட்டலாமே?
- ஒரு தாய், ஈசூன்

பதில்: மகள் சரியாகத்தான் கவனித்திருக்கிறார், அம்மா. அது ஹெட்போல்ட் லேன் நிலையம், 2023 அக்டோபரில் திறந்தார்கள். அதுவரை அந்தத் தடம் கர்க்பி என்ற இடத்தோடு நின்றுவிடும். மறுபக்கத்திலிருந்து டீசல் ரயில் வரும். இரண்டும் ஒரே தடத்தில் நடுவே தடுப்புக்கட்டை வைத்து, முறைத்துக்கொண்டு நிற்கும். 1977 முதல் இதே கதைதான்.

கர்க்பியைத் தாண்டி ஒரு நிலையம் நீட்ட வேண்டுமானால் மின்சாரமும் நீள வேண்டும். அங்கேயும் நம் வடக்கு தெற்குப் பாதை போலவே 750 வோல்ட் மூன்றாம் தண்டவாளம்தான், அதாவது சக்கரம் ஓடும் இரண்டுக்கும் பக்கத்தில் மின்சாரத்துக்கென்றே போட்ட இன்னொரு தண்டவாளம். ரயிலின் பக்கவாட்டில் உள்ள 'ஷூ' அதைத் தொட்டுக்கொண்டே மின்சாரம் எடுக்கும். ஆனால் தரையோடு தரையாக மின்சாரம் கிடப்பது ஆபத்து என்பதால், புதிதாக அதைப் போட பிரிட்டனில் சுலபத்தில் அனுமதி கிடைக்காது. சரி, சில ரயில்களில் பேட்டரியை ஏற்றிவிடலாம் என்று முடிவு செய்தார்கள். ஓடும்போதே மூன்றாம் தண்டவாளத்திலிருந்து சார்ஜ் ஏறும். அது முடிந்ததும் பேட்டரி பார்த்துக்கொள்ளும்.

ஜப்பானில் இதற்கு முன்பே, 2014-இல், கரசுயாமா பாதையில் செய்துவிட்டார்கள். மொத்தமே 20.4 கிலோமீட்டர். அந்தக் கோடியில் நிலையத்துக்கு மேலே மட்டும் கொஞ்சம் கம்பி கட்டியிருக்கிறார்கள். ரயில் கையைத் தூக்கி அதைத் தொட்டு, அடுத்த பயணத்துக்கு நிரப்பிக்கொள்ளும்.

இரண்டு இடத்திலும் கவனியுங்கள்: தடம் ஏற்கெனவே இருந்தது, மின்சாரம்தான் இல்லை. இங்கே கதை வேறு. நமக்குச் செலவு வைப்பது சுரங்கம் தோண்டுவதும் நிலையம் கட்டுவதும். அதையெல்லாம் செய்துவிட்டு மூன்றாம் தண்டவாளத்தில் மிச்சம் பிடிப்பது, கல்யாணச் செலவில் வெற்றிலைப் பாக்கைக் குறைப்பது மாதிரி. அதோடு, உச்ச நேரத்தில் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு ரயில், ஒவ்வொன்றிலும் ஓயாத ஏர்கான். பேட்டரியைச் சுமந்து திரிய இது இடமில்லை.

ஆனால் நம் ஊரிலும் பேட்டரி ரயில் உண்டு, நீங்கள் தூங்கும்போது! இரவு சேவை முடிந்து மூன்றாம் தண்டவாளத்தில் மின்சாரத்தை நிறுத்திய பிறகுதான் பராமரிப்பு வேலை தொடங்கும். அப்போது ஆளையும் சாமானையும் இழுக்க பேட்டரி எஞ்சின் வரும். நான் வேலை பார்த்த காலத்தில் டீசல் எஞ்சின் வந்தால் அரை மைலுக்கு முன்பே காதுக்குத் தெரியும், மூக்குக்கும் தெரியும். பேட்டரிக்காரன் பூனை மாதிரி வருவான். ஒருமுறை குனிந்து போல்ட்டைத் திருகிக்கொண்டிருந்தேன். காவலுக்கு நின்ற மலாய் நண்பர் விசில் ஊதியபோது விளக்கு என் முதுகிலேயே அடித்தது. அன்றிலிருந்து விசிலுக்காகக் காதை ஒதுக்கி வைத்துத்தான் குனிவேன்.

கேள்வி: பழைய கேடிஎம் (மலேசிய ரயில்வே) தடத்தில் பேட்டரி ரயில் விட்டால் என்ன?
- வாசகர், புக்கிட் தீமா

பதில்: தடமே இல்லையே ஐயா! தஞ்சோங் பகார் நிலையம் 2011 ஜூன் 30-உடன் மூடப்பட்டது. கடைசி ரயிலை ஜோகூர் சுல்தானே ஓட்டிச் சென்றார். பெரும்பாலான தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள், இப்போது 24 கிலோமீட்டர் நடைபாதை. உங்கள் பேட்டையின் பழைய நிலையத்தில் மட்டும் கொஞ்சம் தண்டவாளம் விட்டுவைத்திருக்கிறார்கள். காலையில் நானும் அங்கே நடக்க வருவதுண்டு. ரயில் விட்டால் நான் எங்கே போவது?