கவர் பாட்டு என்றால் என்ன? அது சில சமயம் மூலத்தையே மிஞ்சுவது எப்படி?

ஒருவர் ஏற்கெனவே வெளியிட்ட பாட்டை இன்னொருவர் தன் பாணியில் மறுபடி பதிவு செய்தால் அது கவர். ‘ஆல் அலாங் தி வாட்ச்டவர்’ என்ற ஆங்கிலப் பாட்டு நல்ல உதாரணம்.

அதை எழுதிய அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் 1967 கடைசியில் வெளியிட்டது வெகு எளிமை: அக்கூஸ்டிக் கிட்டார், ஹார்மோனிகா, பின்னால் பேஸும் டிரம்ஸும். இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும். மூன்றே கார்டுகள் (சேர்த்து ஒலிக்கும் சுரக் கூட்டங்கள்) திரும்பத் திரும்ப வரும், பல்லவி கிடையாது. கவர் மூலத்தை மிஞ்ச இந்த வெற்றிடம்தான் காரணம் என்பேன். அடுத்த ஆண்டே ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அதை எலெக்ட்ரிக் கிட்டாரால் நிரப்பி நான்கு நிமிடமாக்கினார். நடுவில் கிட்டார் மட்டும் முன்னே வரும் நீண்ட சோலோவைக் கேளுங்கள்: ஓரிடத்தில் கம்பிமேல் வழுக்கிக்கொண்டு போகும் ஒலி, அப்புறம் வா-வா பெடலில் (காலால் மிதித்து ஒலியை மாற்றும் கருவி) கிட்டார் வாய்திறந்து பேசுவதுபோல ஒன்று.

ரசம் மாதிரிதான். செய்முறை ஒன்று, கைப்பக்குவம் வேறு. பின்னாளில் டிலனே மேடையில் ஹென்ட்ரிக்ஸ் பாணிக்குப் போய்விட்டார்! பாடகர் நீல் யங்கும் யூ2 ராக் குழுவினரும் இதைப் பாடியிருக்கிறார்கள்.

இதை ஹென்ட்ரிக்ஸ் எழுதியதாகப் பலர் நினைக்கிறார்கள், எழுதியவர் டிலன். அதற்காகக் கவர் திருட்டும் ஆகாது, முறைப்படி வெளியிடும் கவருக்குப் பாட்டின் உரிமையாளருக்குப் பணம் போகும்.