ஓலையில் ஏறாத நிறம்

அன்பின் அக்காவுக்கு,

நான் மல்லாவிப் பக்கம் ஆசிரியையாக இருக்கிறேன். பின்னேரங்களில் கையால் ஏதாவது செய்யாவிட்டால் எனக்கு நாள் போகாது. முதலில் யூரியூப் பார்த்துக் குரோசே பழகினேன். பிறகு பக்கத்து வீட்டு ஆச்சியிடம் பனையோலை இழைக்கப் பழகினேன். இப்போது வோட்டர்கலர். இழைத்த பெட்டியில் பூ வரைந்தால் நிறம் ஒட்டுவதில்லை. அக்ரிலிக் ஒட்டுகிறது, ஆனால் மடிப்பில் உரிகிறது. வீட்டில், "இவ்வளவு மினக்கெடுறாய், வித்தாலாவது காசு வரும்" என்கிறார்கள். எல்லாவற்றையும் விட்டு ஒன்றை மட்டும் பிடிப்பதா? விற்பதா?

ஒரு வாசகி

அன்பின் தங்கச்சி,

ஓலையிலிருந்தே தொடங்குகிறேன். சார்வோலையின், அதாவது இழைக்க எடுக்கிற இளம் பனையோலையின் மேல் மெழுகுபோல ஒரு படை இயல்பாகவே இருக்கிறது. வோட்டர்கலரைக் கடுதாசி உறிஞ்சும், ஓலை உறிஞ்சாது. பெட்டியை இழைத்து முடித்துவிட்டு நிறம் தேடாதீர்கள். ஓலையை வார்ந்ததும் சாயம் போடுங்கள், பிறகு இழையுங்கள்.

ஆச்சியைக் கேட்டால் கடைச் சாயத்தூளில் அவிக்கச் சொல்லுவா. நிறம் பளீரென்று வரும், வெயில் பட்டால் வெளிறிவிடும். உங்களுக்கு அவசரமில்லைத்தானே, இப்படிச் செய்து பாருங்கள். கடுக்காய் அவித்த தண்ணீரில் ஓலையை ஓர் இரவு ஊறவிடுங்கள். பிறகு 100 கிராம் ஓலைக்கு 10 முதல் 15 கிராம் வரை சீனக்காரத்தை (படிகாரத்தை) சுடுதண்ணீரில் கரைத்து, அதிலும் ஊறவிடுங்கள். அதற்குப் பிறகு வெங்காயத் தோல் அவித்த சாற்றில் போட்டு மெதுவாகச் சூடாக்கினால் மஞ்சளிலிருந்து செம்மண் நிறம் வரைக்கும் எடுக்கலாம். கடுக்காய் ஏறிய ஓலையைத் துருப்பிடித்த ஆணி ஊறிய தண்ணீரில் போட்டால் கறுக்கும். கறிமஞ்சள் நன்றாக ஏறும், ஆனால் அதையும் வெயில் தின்றுவிடும். சமைக்கிற சட்டியை இதற்கு எடுக்கவேண்டாம்.

சிவப்புக்கு ஒரு காலத்தில் சாயவேர் இருந்தது. மன்னார், யாழ்ப்பாணப் பக்கத்து மணல் தரைகளில் கிண்டியெடுத்த அந்த வேரை ஒல்லாந்தர் அரசாங்கச் சரக்காகவே வைத்திருந்தார்கள். பருத்தித் துணியைச் சிவப்பாக்கியது அதுதான். ஆசை வந்து வேர் தேடிக் காடு கரம்பைக்குள் இறங்கிவிடாதீர்கள். வன்னியில் மிதிவெடிப் பலகை நடப்பட்ட காணிகள் இன்னும் முடியவில்லை.

ஒன்றை மட்டும் பிடிப்பதா என்ற கேள்விக்கு ஒரு பழைய கதை. பாரிஸில் கோபெலின் திரைச்சீலை நெசவுச்சாலையில் 1824 இல் சாயப் பகுதிக்குப் பொறுப்பாக வந்தவர் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர். அங்கே கறுப்பு நூல் மங்கலாகத் தெரிகிறது என்று முறைப்பாடு. அவர் சோதித்துப் பார்த்தார், சாயத்தில் பிழையில்லை. பக்கத்தில் ஓடிய நீலமும் ஊதாவும்தான் கறுப்பை அடித்துப்போட்டன. நிறங்கள் அருகருகே இருக்கும்போது ஒன்றையொன்று எப்படி மாற்றிக் காட்டுகின்றன என்பதை 1839 இல் நூலாக எழுதினார். பிறகு சோரா போன்ற ஓவியர்கள் அதை வைத்துத்தான் புள்ளி புள்ளியாக நிறம் வைத்தார்கள். நூலில் வந்த வில்லங்கம் ஓவியருக்குப் பாடமாகப் போனது.

ஆகவே இரண்டையும் விடவேண்டாம். வோட்டர்கலர் கொப்பியில் சிவப்பையும் பச்சையையும் அகலப் பட்டைகளாகப் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள், இரண்டும் தெறிக்கும். அதே இரண்டையும் ஒன்று விட்டு ஒன்றாக மெல்லிய ஓலையில் இழைத்துக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள், மண்நிறமாகச் சோர்ந்திருக்கும். இதைக் கொப்பியில் கட்டம் போட்டு முதலே பார்த்துவிட்டால் ஒரு கட்டு ஓலை மிச்சம்.

இனி விற்பது. 2009 இல் போர் முடிந்த பிறகு எங்கள் பக்கத்தில் கைவேலை என்றாலே 'வாழ்வாதாரம்' என்றாகிவிட்டது. தையல், ஓலை, தும்பு எல்லாமே பயிற்சி, சான்றிதழ், கண்காட்சி என்றுதான் வந்தன. அதைக் குறை சொல்லமாட்டேன், அதில் அடுப்பெரிந்த வீடுகள் உண்டு. ஆனால் சும்மா ஆசைக்குச் செய்கிற ஒரு பெண்ணை என்ன செய்வதென்று ஊருக்குத் தெரியாமல் போய்விட்டது. உங்களுக்கு மாதச் சம்பளம் வருகிறது. கொஞ்சக் காசு வந்தாலும் போதும் என்று நீங்கள் ஒரு பெட்டியை 300 ரூபாவுக்குக் கொடுத்தால், அதையே நம்பிச் சீவிக்கிற பெண்ணும் அந்த விலைக்குத்தான் இறங்கவேண்டும். வாங்குகிறவர் ஒரே மாதிரி இருபது கேட்பார். அதோடு உங்கள் வெங்காயத் தோலும் கடுக்காயும் முடிந்தது. எனக்குக் கேட்டால், விற்காதீர்கள். விற்கத்தான் வேண்டுமென்றால் ஓலை வார்ந்ததிலிருந்து போன மணித்தியாலங்களுக்கு நாட்கூலிக் கணக்குப் போட்டு விலை சொல்லுங்கள். வீட்டில் பிறகு கேட்கமாட்டார்கள்.

குரோசேக்கு அக்ரிலிக் வூல் வாங்காதீர்கள், சித்திரை வெயிலில் மடியில் வைத்துப் பின்னவே முடியாது. பருத்தி நூல் கிளிநொச்சியில் இல்லாவிட்டால் வவுனியாவில் கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் விலை கூட, ஆனால் வெங்காயத் தோல் சாயம் அதிலும் ஏறும்.