ஒன்றரை ஷிப்ட்டின் கணக்கு

கேள்வி: வேலை நேரத்தைச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்துவதால் முதலாளிக்கு என்ன நட்டம், தொழிலாளிக்கு என்ன லாபம்?

திருப்பூரில் இரண்டு பனியன் கம்பெனிகளில் சம்பளக் கணக்கு எழுதியவன் நான். எங்கள் ஊரில் வேலையை மணிக்கணக்கில் பேச மாட்டார்கள், ஷிப்ட்தான். எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட். மாலை டீ குடித்துவிட்டு வந்து இன்னும் நான்கு மணி நேரம் தைத்தால் ஒன்றரை ஷிப்ட். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. மூன்றாம் நாளே அதை நிறுத்திவைத்தார்கள், மே தினத்தன்று திரும்பப் பெற்றுக்கொண்டதாக முதல்வர் அறிவித்தார். எங்கள் கம்பெனி வாசல் டீக்கடையில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. 12 மணி நேரம் அங்கே யாருக்குப் புதிது?

நான் கணக்கு எழுதிய காலத்தில் 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம்தான். நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48. அதைத் தாண்டினால் இரட்டைக் கூலி. பேச்சுக்கு, ஷிப்ட்டுக்கு 400 ரூபாய் என்று வையுங்கள். ஆறு நாளும் வந்து தினமும் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவருக்கு நாளொன்றுக்கு 600 ரூபாய் என்று எழுதுவோம். சட்டப்படி அந்த நான்கு மணி நேரத்துக்கே 400 ரூபாய், ஆக 800. ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவருக்கு இரண்டு ஷிப்ட் சம்பளம் வர வேண்டும். ‘ஒன்றரை’ என்ற சொல்லே அரை ஷிப்ட் கூலியை விழுங்கிவிட்டது. அந்த முதல் கம்பெனியில் ஆடிட்டுக்கு வருபவர்களுக்குக் காட்ட வேறொரு நோட்டு உண்டு. அதில் எல்லாரும் ஐந்தரைக்கே வீட்டுக்குப் போயிருப்பார்கள். அதையும் எழுதியது நான்தான்.

இரண்டாவது கம்பெனியில் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் கறாரானவர். வேறு வழியில்லாமல் முதலாளி இரட்டைக் கூலி கொடுக்கத் தொடங்கினார். முதல் மாதச் சம்பளப் பட்டியலை அவர் மேசையில் வைத்தபோது முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. ஆனால் அன்றுதான், ராத்திரி வேலை ஏன் வருகிறது என்று முதன்முதலாகக் கேட்டார். விடை எங்கள் எல்லாருக்கும் தெரியும். காலையில் லேபிள் வந்திருக்காது, கட்டிங் முடிந்திருக்காது. டெய்லர்கள் பதினொரு மணி வரை சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அந்த நேரத்தை இரவில் பிடிப்போம். இரவில் தைத்ததில் ஆல்டர், அதாவது தப்பாகத் தைத்துத் திரும்பி வருவது, அதிகம் வரும், அதைப் பிரித்துத் தைக்க மறுநாள் காலை போகும். இரவு மலிவாக இருந்தவரை இது யாருக்கும் உறுத்தவில்லை. விலை ஏறியதும் முந்தின நாளே கட்டிங் தயாரானது, லேபிள் வராமல் லைன் ஓட்டுவதில்லை என்றானது. சில மாதங்களில் பெரும்பாலான நாட்கள் ஆறு மணிக்கு விளக்கு அணைந்தது. கப்பல் தவறினால் சொந்தச் செலவில் விமானத்தில் அனுப்ப வேண்டும் என்பதால், ஏற்றுமதி வாரத்தில் மட்டும் இரவு வேலை தொடர்ந்தது, இரட்டைக் கூலியோடு.

எனவே நேர வரம்பைவிட அந்த இரட்டைக் கூலிக்குத்தான் பல் உண்டு என்பேன். 2020 இல் நிறைவேறிய புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. நேரத்தைத் தளர்த்தச் சொல்லும் முதலாளிகள் சங்கங்களிடம் முதலில் அந்தக் கூலியைக் கொடுத்த பட்டியலைக் கேட்பேன்.

தொழிலாளிகள் எல்லாருமா மகிழ்ந்தார்கள்? இல்லை. ஓவர்லாக் டெய்லர் அக்கா ஒருவர் என் மேசைக்கு வந்து, “கண்ணு, ஆறு மணிக்கு அனுப்பிவிட்டால் சீட்டுப் பணத்தை எங்கிருந்து கட்டுவேன்?” என்று கேட்டார். ஒரு ஷிப்ட் கூலியில் குடும்பம் ஓடாதபோது சட்டம் கொடுத்த மாலை நேரம் அவருக்குச் சம்பளப் பிடித்தமாகத்தான் தெரிந்தது. என்னிடம் பதில் இல்லை. அடுத்த மாதம் பக்கத்துத் தெருக் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட்டுக்குச் சேர்ந்துவிட்டார். ஏற்றுமதி வாரங்களில் நான் பிடிக்கும் பத்து மணி டவுன் பஸ்ஸில், மடியில் டிபன் பாக்ஸை வைத்துக்கொண்டு தூங்கியபடி வருவார்.