ஒரே ரிடிம், ஒரு முழு ஆல்பம்: ‘திவாலி’ பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ‘திவாலி’ என்றொரு டான்ஸ்ஹால் (ஜமைக்காவின் ஆட்ட இசை) ஆல்பம் கேட்டேன். பாட்டுக்குப் பாட்டு பாடகர் மாறுகிறார், பின்னணி மாறவே இல்லை. என் ஃபைலில் ஏதும் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை தம்பி, அந்த ஆல்பமே அப்படித்தான். பாட்டின் அடியில் ஓடும் பேஸையும் டிரம்ஸையும் சேர்த்து ஜமைக்காவில் ‘ரிடிம்’ என்பார்கள். தயாரிப்பாளர் ஒரு ரிடிமைச் செய்துவிட்டுப் பல பாடகர்களை அழைப்பார். ஆளுக்கொரு பாட்டு அதன்மேல் பாடுவார்கள். எல்லாவற்றையும் தொகுத்தால் ஒற்றை ரிடிம் ஆல்பம். இந்த ரிடிம் ஸ்டீவன் ‘லெங்கி’ மார்ஸ்டன் செய்தது. ஆல்பத்தை லண்டனின் கிரீன்ஸ்லீவ்ஸ் நிறுவனம் 2002இல் வெளியிட்டது.

கேள்வி: பெயர் நம் தீபாவளியா?

பதில்: ஆமாம், அதே பண்டிகையின் பெயர்தான். ரிடிமுக்கென்று தனிப் பெயர் வைப்பது அங்கே வழக்கம். இதன் உயிர் கைதட்டலில் இருக்கிறது. எண்ணிப் பாருங்கள், எதிர்பார்த்த இடத்தில் தட்டு விழாது.

கேள்வி: ‘இன்ன பாட்டு மெட்டு’ என்று மேலே போட்டு நம் ஊரில் புதுப் பாட்டு எழுதுவார்களே, அது மாதிரியா சார்?

பதில்: நல்ல கேள்வி, ஆனால் இது நேர்மாறு. நம் ஊர்ப் பாட்டில் மெட்டு நிற்கும், சொல் மாறும். ரிடிமில் தாளமும் பேஸும் நிற்கும். மெட்டு, சொல், மனநிலை எல்லாமே மாறும். ஷான் பால் இதே ரிடிமில் ‘கெட் பிஸி’ பாடினார். வந்தவர்களையெல்லாம் ஆடச் சொல்லி விரட்டுகிற பாட்டு. 2003இல் அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடம் பிடித்தது. வெய்ன் வொண்டர் ‘நோ லெட்டிங் கோ’வில் அதே கைதட்டலின்மேல் மெல்லக் குழைந்து காதல் பாடுகிறார். நியூயார்க்கின் லூமிடி ‘நெவர் லீவ் யூ’வில் அதையே ஏக்கமாக்குகிறார். இந்த மூன்றையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பாடகர் கொண்டுவருவது என்ன என்பது இப்படித் துல்லியமாகத் தெரிகிற இசை வேறெதுவும் எனக்குத் தெரியாது. இதற்காகவே எனக்கு இந்த ஆல்பங்கள் மேல் இவ்வளவு பிரியம்.

கேள்வி: கொண்டாட்டங்களில் இதை எப்படிப் போடுவார்கள்?

பதில்: ஒரு பாடகர் முடிக்கும் முன்பே அடுத்தவரை நுழைத்துவிடுவார்கள். ‘ஜக்லிங்’ என்று பெயர். தாளம் அறாததால் ஆடுகிறவர் கால் நிற்காது.

கேள்வி: இந்தப் பழக்கம் எப்போது வந்தது?

பதில்: 1960களின் கடைசியிலேயே இசைத்தட்டின் பின்பக்கத்தில் குரல் நீக்கிய ‘வெர்ஷன்’ வரத் தொடங்கியது. ஒரே ரிடிமில் முழு ஆல்பம் என்றால், தயாரிப்பாளர் ரூபி எட்வர்ட்ஸ் 1974இல் தந்த ‘யமஹா ஸ்காங்க்’கைத்தான் முன்னோடியாகச் சொல்கிறார்கள்.

கேள்வி: ரிடிமை வாசித்தவர்களுக்குப் பணம் போகுமா ஐயா?

பதில்: பழைய காலத்தில் பெரும்பாலும் ஸ்டூடியோவில் வாசித்த அன்றைய கூலியோடு சரி. ‘ரியல் ராக்’ ரிடிம் 1967இல் ஜமைக்காவின் ‘ஸ்டூடியோ ஒன்’ என்ற ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவானது. அதன்மேல் பிறந்த பாட்டுகள் நூற்றுக்கணக்கில். வாசித்தவர்களுக்கு அந்த அளவில் வருமானம் வந்ததில்லை. அது அநியாயம் என்றே நினைக்கிறேன். ஜமைக்காவில் புதிய காப்புரிமைச் சட்டமே 1993இல்தான் வந்தது.

கேள்வி: அடுத்து எதைக் கேட்கலாம்?

பதில்: ‘ஸ்லெங் டெங்’ ரிடிம். காசியோ எம்டி-40 என்ற சின்னக் கீபோர்டில் பொத்தானை அழுத்தினால் தானாக ஓடும் ஒரு ‘ராக்’ தாளம் இருந்தது. அதை அமைத்தவர் ஒகுதா ஹிரோகோ என்ற ஜப்பானியப் பெண் பொறியாளர். ஜமைக்கத் தயாரிப்பாளர் கிங் ஜாமி அந்தத் தாளத்தை வேகம் குறைத்து, 1985இல் வெய்ன் ஸ்மித்தைப் பாடவைத்து வெளியிட்டார். அதற்குப் பிறகு டான்ஸ்ஹால் கணினித் தாளத்துக்கு மாறியது. முதலில் வெய்ன் ஸ்மித், பிறகு அதே ரிடிமில் டெனர் சா பாடிய ‘பம்ப்கின் பெல்லி’. ஹெட்ஃபோனில் கேளுங்கள், போன் ஸ்பீக்கரில் பேஸ் காதுக்கே வராது.