மணக்கும் ஹோஸ்டா: வாசகர் கேள்விகள்

ஆகஸ்ட் பிறந்தால் போதும், ஹோஸ்டா என்ற அகன்ற இலைத் தோட்டச் செடி பற்றிய கேள்விகள் வரிசை கட்டும். இந்த முறை பெரும்பாலும் டொராண்டோ பக்கத்திலிருந்து. ஒன்றே போல் இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, ஸ்கார்பரோவில் வீட்டின் வடக்குப் பக்கம் ஏழெட்டு ஹோஸ்டா நிற்கிறது. நன்றாகப் பூக்கிறது, ஆனால் மோந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை. மணம் வர என்ன உரம் போடலாம்?

உரத்தால் வருகிற காரியமில்லை, அது பிறப்பிலேயே இருக்க வேண்டும். ஹோஸ்டாக்களில் நிஜமாக மணக்கிற இனம் ஒன்றுதான்: சீனாவைச் சேர்ந்த பிளான்டாஜினியா. சீன மொழியில் அதன் பெயருக்கு ஜேடு கல்லில் செய்த கொண்டை ஊசி என்று பொருள். நீண்ட வெள்ளை மொட்டைப் பார்த்தால் பெயர் எங்கிருந்து வந்தது என்று புரிந்துவிடும். கடையில் 'வாசனை' என்று விற்கும் ரகங்கள் எல்லாம் இதன் வாரிசுகள்தாம்.

செடியோடு வரும் பெயர்ச் சீட்டில் ராயல் ஸ்டாண்டர்ட், சோ ஸ்வீட், ஃப்ராக்ரன்ட் பூக்கே, குவாக்கமோலி, ஸ்டெயின்ட் கிளாஸ் என்று பார்த்தால் நம்பி வாங்கலாம். கடைசி மூன்றும் பாட்டி, மகள், பேத்தி. ஃப்ராக்ரன்ட் பூக்கேயிலிருந்து குவாக்கமோலி, அதிலிருந்து ஸ்டெயின்ட் கிளாஸ். மூன்றுமே 'ஆண்டின் ஹோஸ்டா'வாகத் தேர்வானவை: 1998, 2002, 2006. அப்படி ஒரு குடும்பம்!

குவாக்கமோலி வைத்து மூன்று வருடமாகிறது. இலை தாம்பாளம் மாதிரி விரிந்திருக்கிறது, பூந்தண்டு மட்டும் வரவில்லை. மேப்பிள் மரத்தடியில், புல்தரையை ஒட்டி வைத்திருக்கிறேன்.

இந்தத் தவறை நானும் செய்தேன். 'ஹோஸ்டா நிழல் செடி' என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு மேப்பிளுக்கு அடியில் நட்டு, நான்கு வருடம் இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மற்ற ஹோஸ்டாவுக்கு அந்தப் பேச்சு சரி. பிளான்டாஜினியா வழி வந்தவற்றுக்கு வெயிலும் வெதுவெதுப்பும் கூடுதலாக வேண்டும். காலை வெயில் நான்கு மணி நேரமாவது படட்டும். மத்தியானம் சுள்ளென்று அடிக்கும்போது நிழல் இருந்தால் போதும்.

அப்புறம் மேப்பிளின் வேர். மேலாகவே பின்னிப் படர்ந்து, நீங்கள் ஊற்றும் தண்ணீரை முதலில் அதுதான் குடிக்கும். பூந்தண்டு கிளம்பும் ஜூலையில் செடி காய்ந்தால் அந்த வருடப் பூ போச்சு. விரலை இரண்டு கணு மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரம் ஒட்டவில்லையென்றால், மேலே தெளிக்காமல் தூரில் நின்று நிதானமாக ஊற்றுங்கள். வாரம் இரண்டு முறையாவது வேண்டியிருக்கும்.

மூன்றாவது சந்தேகம், உங்கள் புல்தரை. புல்லுக்குப் போடும் உரத்தில் தழைச்சத்துதான் அதிகம். அது ஹோஸ்டா பக்கம் வழிந்தால் இலை தாம்பாளமாகத்தான் விரியும். வசந்தத்தில் முளை தலைகாட்டும்போது தூரைச் சுற்றி மக்கு உரம் ஒரு கை, அவ்வளவு போதும்.

இடம் மாற்றுவதென்றால் அந்த முளைப் பருவத்திலேயே மாற்றுங்கள். தூரை முழுசாக எடுத்து வையுங்கள், துண்டு துண்டாகப் பிரிக்காதீர்கள். பிரித்த செடி மறுபடி தேறிப் பூக்க இரண்டு மூன்று வருடம் கேட்கும்.

அஃப்ரோடைட்டி ரகம். மொட்டு நிறைய வருகிறது, விரியாமலே பழுப்பாகி உதிர்ந்துவிடுகிறது.

அடுக்குப் பூ அல்லவா, விரிய நாளாகும். அதற்குள் ஒன்று தண்ணீர் குறைகிறது, இல்லை செப்டம்பர்க் குளிர் வந்துவிடுகிறது. தெற்குச் சுவரின் சூடு கிடைக்கும் இடத்துக்கு மாற்றி, தூரில் மூடாக்குப் போட்டு ஈரம் காயாமல் பாருங்கள். அப்படியும் சில வருடம் ஏமாற்றும். முதல் செடியாக வாங்குகிறவர்களுக்கு இதை நான் சொல்வதே இல்லை.

காலையில் வாசனையே தெரியவில்லையே?

பிளான்டாஜினியா பூ சாயங்காலம், நாலு மணிக்கு மேல் விரியும். வாசற்படிக்கோ படுக்கையறை ஜன்னலுக்கோ அருகில் நடுங்கள்.

நத்தை இலையைச் சல்லடையாக்குகிறது. காபித் தூள் போடலாமா?

போடலாம், நத்தை அதன்மேல் ஏறிப் போவதையும் பார்க்கலாம். இரவு டார்ச்சோடு போய் ஓடில்லா நத்தைகளைக் கையால் பொறுக்குவதுதான் நான் கண்ட வழி. பொறுமை இல்லையென்றால் இரும்பு பாஸ்பேட் குருணை தூவுங்கள். தண்ணீரைக் காலையில் ஊற்றினால் இரவுக்குள் மண்ணின் மேற்பரப்பு உலர்ந்து, நத்தை நடமாட்டம் குறையும். பூந்தண்டே மொட்டையாக நின்றால் அது நத்தையில்லை, மானோ முயலோ. அதற்கு வலைதான்.

அம்மா சென்னையில் இருக்கிறார். இங்கிருந்து ஒரு தூர் கொண்டுபோய்க் கொடுக்கலாமா?

வேண்டாம். ஹோஸ்டாவுக்குக் குளிரில் இலையெல்லாம் விழுந்து சில வாரம் தூங்க வேண்டும். சென்னையில் அந்தத் தூக்கம் கிடைக்காது, செடி நாளுக்கு நாள் மெலிந்துபோகும். விமானத்தில் செடி கொண்டுபோக ஆயிரம் கெடுபிடி வேறு. அம்மா வீட்டுக்கு நிலச்சம்பங்கிக் கிழங்கு வாங்கிக் கொடுங்கள். தாவரவியல்படி அது ஹோஸ்டாவுக்குச் சொந்தக்காரிதான், இரண்டும் ஒரே குடும்பம். மாலையில் மணப்பதிலும் அப்படியே.

பூவைத் தலையில் வைக்கலாமா? வீட்டில் நாய் இருக்கிறது, பரவாயில்லையா?

வைக்கலாம், ஆனால் ஒரு பூவின் ஆயுள் ஒரு நாள்தான். சரத்துக்குத் தாங்காது. தண்டோடு வெட்டிக் குவளையில் வைத்தால் மொட்டுகள் ஒவ்வொன்றாக விரியும், சாமி படத்துக்கு முன்னால் அழகாக இருக்கும். நாய், பூனைக்கு ஹோஸ்டா ஆகாது. கடித்தால் வாந்தியும் பேதியும் வரும். உங்கள் நாய் எதையும் மெல்லுகிற ஜாதி என்றால் வேலிக்கு அந்தப் பக்கம் நடுங்கள்.